நானூறு கணவர்களுக்குப் போன செய்தி

போன வாரம் உங்கள் கூட்டத்துக்கு என்னைக் கூப்பிட்டு ஓர் ஓரமாக உட்கார வைத்தீர்கள். ரிடையர் ஆன அம்மாவுக்கு டீயும் சமோசாவும் கொடுத்தால் போதும் என்று நினைத்திருப்பீர்கள். எனக்கு வாய் வேலை செய்யும்போது காதும் வேலை செய்யும். சின்ன டேட்டா பேக் போட்டிருக்கிறவரின் ஃபோன் எத்தனை நிமிடத்துக்கு ஒருமுறை சர்வரோடு பேச வேண்டும், ஒவ்வொரு ஆப்பும் தனித்தனியாக இணைப்பைப் பிடித்துக்கொண்டு நின்றால் பேட்டரி என்ன ஆகும் என்றெல்லாம் அழகாகப் பேசினீர்கள். கடைசியில் ஒரு தம்பி எழுந்து, "நோட்டிஃபிகேஷன்ல விஷயத்தையே எடுத்துடலாம். 'புது மெசேஜ் வந்திருக்கு'ன்னு மட்டும் போட்டா போதும், பாதி டேட்டா மிச்சம்" என்றார். எல்லோரும் கைதட்டினீர்கள். நான் தட்டவில்லை. கையில் சமோசா இருந்தது ஒரு காரணம். இன்னொரு காரணம் கொஞ்சம் நீளம், அதனால்தான் எழுதிக் கொடுக்கிறேன்.

நான் இந்த வேலைக்கு வந்தது தொண்ணூறுகளின் பின்பாதியில், தி.நகரில், பாண்டி பஜாரிலிருந்து பிரிகிற ஒரு சந்தில் மூன்றாவது மாடியில் இருந்த ஒரு பேஜர் கம்பெனியில். உங்களில் பாதிப் பேர் பேஜரைக் கண்ணால் பார்த்திருக்க மாட்டீர்கள். தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிய கறுப்புப் பெட்டி, பெல்ட்டில் மாட்டிக்கொள்வார்கள். ஒரு பென்சில் பேட்டரியில் வாரக்கணக்கில் ஓடும். அதற்கு வாங்கத்தான் தெரியும், திருப்பிப் பேசத் தெரியாது. யாருக்காவது செய்தி சொல்ல வேண்டுமானால் எங்களுக்கு போன் போட்டு, பேஜர் எண்ணைச் சொல்லி, விஷயத்தைச் சொல்ல வேண்டும். நாங்கள் அதை ஆங்கிலத்தில் தட்டி அனுப்புவோம். ஊர் முழுக்க ஒரே அலைவரிசை. ஒருவர் செய்தி போய் முடிந்தால்தான் அடுத்தவர் செய்தி போகும். இன்றைக்கு உங்கள் சர்வர் செய்கிற வேலையை அன்றைக்கு நாங்கள் பத்துப் பெண்கள் தலையில் ஹெட்போன் மாட்டிக்கொண்டு செய்தோம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

பேஜருக்கும் பிளான் உண்டு. பெரிய பிளான் எடுத்தவருக்கு எவ்வளவு நீளமாகவும் அனுப்பலாம். சின்ன பிளான்காரருக்கு ஒரு செய்திக்கு நாற்பது எழுத்து. நாற்பத்தோராவது எழுத்து வந்தால் அது இரண்டாவது செய்தி, மாதக் கோட்டாவில் ஒன்று போச்சு. ஆகவே சுருக்கத் தெரிந்தவளுக்கு ஆபீசில் மரியாதை அதிகம். எனக்கு அங்கே 'கத்திரி' என்று பெயர். மயிலாப்பூரிலிருந்து ஒரு மாமா தன் மாப்பிள்ளைக்காக மூன்று நிமிடம் பேசினார். மாமியார் வருகிற ரயில் அரக்கோணத்தில் நின்றுவிட்டது, எப்போது கிளம்பும் என்று தெரியவில்லை, மாப்பிள்ளை அவளுக்காகச் சாப்பிடாமல் காத்திருக்க வேண்டாம், அவருக்கு ஏற்கெனவே வயிற்றில் புண். எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு நான் மூன்றே சொல் அடித்தேன்: ரயில் லேட், சாப்பிடவும். எங்கள் ஷிப்ட் மேற்பார்வையாளர் அதைப் படித்துவிட்டு வாய்விட்டுச் சிரித்தார். அன்றிலிருந்து எனக்குத் தலை கொஞ்சம் கனத்துவிட்டது. யார் எதைச் சொன்னாலும் பாதிப் பேச்சிலேயே என் விரல் கத்தரிக்க ஆரம்பித்துவிடும். வேலையில் சேர்ந்து ஆறு மாதம்கூட ஆகவில்லை, இன்னும் நிரந்தரம் செய்யவில்லை, ஆனால் எனக்கு எல்லாம் தெரியும் என்ற நினைப்பு.

அன்று கிரிக்கெட் மேட்ச். மேட்ச் நாளில் எங்களுக்கு ஒரு கூடுதல் வேலை இருந்தது. ஸ்கோர் வேண்டுமென்று பதிவு செய்திருந்தவர்கள் நானூறு சொச்சம் பேர், பெரும்பாலும் ஆம்பிளைகள். அவர்கள் எல்லோருக்கும் சேர்த்து ஒரே ஒரு பொது எண். அந்த எண்ணுக்கு அனுப்பினால் நானூறு இடுப்பிலும் ஒரே நேரத்தில் பேஜர் சத்தம் போடும். ஸ்கோர் போடுகிற பெண் சாப்பிடப் போயிருந்தாள். அவள் திரையை நான்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு ஓவர் முடிந்தால் ஸ்கோர் அனுப்ப வேண்டும், நடுவில் வருகிற போனையும் எடுக்க வேண்டும். மத்தியானம் இரண்டரை இருக்கும், ஒரு போன் வந்தது.

"ஹலோ, பேஜர் ஆபீஸா? சீக்கிரம் ஒரு மெசேஜ் குடுக்கணும். ஆத்துக்காரருக்கு." மூச்சு வாங்கியது அந்தக் குரலுக்கு. எண்ணைச் சொன்னார். "உடனே ஆத்துக்கு வரச்சொல்லுங்கோ. கொழந்தை உள்ள மாட்டிண்டுடுத்து. ரெண்டு வயசு. துணி எடுக்க வெளில வந்தேன், அது வாசக்கதவை சாத்தி உள்தாழ்ப்பாளைப் போட்டுடுத்து. தெறக்கத் தெரியலை அதுக்கு. அடுப்புல பால் வச்சுட்டு வந்திருக்கேன். பின்கட்டு ஜன்னல் வழியா பாத்தா ஜுவாலை தெரியறது. பின்கதவு வெளில பூட்டிருக்கு, அந்தச் சாவி அவர்ட்டதான் இருக்கு. நானும் பக்கத்தாத்து மாமியும் கல்லால இடிச்சுப் பாத்தாச்சு, அசையலை."

"அனுப்பிடறேம்மா, கவலைப்படாதீங்க" என்று நான் சொல்லி முடிப்பதற்குள் செய்தியை அடித்தும் முடித்துவிட்டேன். உடனே வீட்டுக்கு வரவும், மனைவி. ஆங்கிலத்தில் ஐந்தே சொல். அந்த அவசரத்திலும் என் வேகத்தை நானே மெச்சிக்கொண்டேன் என்பதை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். அனுப்பும் பட்டனை அழுத்தினேன்.

எந்தத் திரையில் அழுத்தினேன் என்று கேளுங்கள். ஸ்கோர் திரையில். அவர் எண்ணைக் காகிதத்தில்தான் குறித்திருந்தேன், திரையில் மாற்றவில்லை. மேலே அந்தப் பொது எண் அப்படியே நின்றிருந்தது. சென்னையில் நானூறு ஆம்பிளைகளுக்கு, விக்கெட் விழுந்துவிட்டதோ என்று ஆவலோடு பேஜரை எடுத்துப் பார்த்த அத்தனை பேருக்கும், அவரவர் மனைவி உடனே வீட்டுக்கு வரச்சொல்லிச் செய்தி போய்விட்டது.

எனக்கு அது தெரியவே தெரியாது. அடுத்த ஓவர் ஸ்கோரை எழுதிக்கொண்டிருந்தேன். ஒரு நிமிடம் போயிருக்கும், பத்துத் தொலைபேசியும் சேர்ந்து அலற ஆரம்பித்தன.

முதலில் எனக்கு வந்தவர் தேனாம்பேட்டையில் ஒரு வங்கி அதிகாரி. "ஏம்மா, என் சம்சாரம் உங்ககிட்ட என்ன சொன்னா? வீட்டுக்கு போன் பண்றேன், எடுக்கவே மாட்டேங்கிறா" என்றார். அந்த அம்மா பாவம், மத்தியானத் தூக்கத்தில் இருந்திருப்பார். அடுத்தது ஒரு பையன். "மேடம், எனக்கு இன்னும் கல்யாணமே ஆவல. யார் மேடம் அந்த ஒய்ஃப்?" என்று கேட்டான். குரலில் பயத்தைவிட ஆசைதான் அதிகம் இருந்தது. அப்புறம் ஒரு மனைவியே கூப்பிட்டார். "எம் புருசன் கடைய அப்டியே போட்டுட்டு ஓடியாந்து நிக்கிறாரு. நான் எந்த மெசேஜும் குடுக்கல. எவ குடுத்தான்னு எனக்கு இப்பத் தெரிஞ்சாகணும்" என்றார். என் பக்கத்து சீட்டுப் பெண்ணுக்கு வந்தவர் குரலைத் தாழ்த்தி, "எந்த வீட்டுக்குன்னு ஏதாவது சொன்னாங்களா?" என்று மட்டும் கேட்டாராம். அவள் போனைக் கையால் பொத்திக்கொண்டு எங்களைப் பார்த்தாள். வேறு நாளாக இருந்தால் சிரித்து உருண்டிருப்போம்.

மேற்பார்வையாளர் ஓடி வந்தார். அவர் பெயரை எழுத மாட்டேன், எழுதினால் அவருக்குப் பிடிக்காது. ஐம்பதை நெருங்கியவர், காலையிலிருந்து மாலை வரை டீ குடித்துக்கொண்டே இருப்பார், யாரையும் பார்த்துக் கத்த மாட்டார்.

"இன்னாமா இது, லைன் அத்தினியும் மின்னிக்கினு கீது? அத்தினி பேரும் பொண்டாட்டி பொண்டாட்டின்றான்" என்றவர், என் திரையைக் குனிந்து பார்த்தார். மேலே இருந்த எண்ணைப் பார்த்தார். என் காகிதத்தில் இருந்த எண்ணைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். வேலை போச்சு என்றுதான் முதலில் நினைத்தேன். குழந்தை ஞாபகம் அதற்கு அப்புறம்தான் வந்தது. அதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

"சரி, தள்ளு. முந்தின மெசேஜ் தப்பா வந்துச்சு, கண்டுக்காதீங்கன்னு ஒண்ணு போட்டுறலாம். ரெண்டு நிமிசத்துல அடங்கிடும்" என்று சொல்லி அவர் உட்காரப் போனார்.

அவர் விரல் பட்டன் மேல் போகிற நேரத்தில் எனக்கு ஒன்று உறைத்தது. "சார், வேணாம் சார். அந்த அம்மா வீட்டுக்காரரும் இந்த லிஸ்ட்ல இருந்தா?" என்றேன்.

பதிவு அட்டையை எடுத்துப் பார்த்தோம். ரகுராமன், மருந்துக் கம்பெனிப் பிரதிநிதி, மயிலாப்பூர், சின்ன பிளான். கீழே ஸ்கோர் சேவை வேண்டும் என்று டிக் அடித்திருந்தார். நானூறு பேரில் அவரும் ஒருவர். அப்படியென்றால் வீட்டுக்கு வா என்ற செய்தி அவருக்கும் போயிருக்கிறது, அவர் கிளம்பியிருப்பார். அது தப்பு, கண்டுகொள்ளாதே என்று இப்போது அனுப்பினால் அதுவும் அவருக்குப் போகும். பாதி வழியில் பார்த்துவிட்டு, அப்பாடா என்று வண்டியைத் திருப்பிவிடுவார். நானூறு பேரில் மற்ற எல்லோருக்கும் பொய்யாக இருந்த செய்தி அவர் ஒருவருக்கு மட்டும் நிஜம்.

மேற்பார்வையாளர் கையை எடுத்துக்கொண்டார். "நல்லவேளை. சரி, அவன் எங்க கீறான் இப்போ?"

யாருக்குத் தெரியும்? பேஜர் பதில் சொல்லாதே. மருந்துப் பிரதிநிதி என்றால் வளசரவாக்கத்திலும் இருப்பார், அடையாறிலும் இருப்பார். எங்கிருந்து வந்தாலும் அந்த நேரத்து டிராஃபிக்கில் அரை மணி. அடுப்பில் பால் பொங்கி, வற்றி, பாத்திரம் தீய்கிறதற்கு அரை மணி ரொம்ப அதிகம். அந்த அம்மாவுக்குத் திரும்பக் கூப்பிடப் பார்த்தேன். எங்கள் லைன்கள் முழுக்கக் கணவர்கள். ஒரு லைனைப் பிடுங்கி அட்டையில் இருந்த பக்கத்து வீட்டு எண்ணைப் போட்டேன். மணி அடித்துக்கொண்டே இருந்தது. எல்லோரும் பின்கட்டில் இருந்திருக்க வேண்டும். ஒரு பெண் தீயணைப்பு நிலையத்துக்குச் சொன்னாள். கிளம்புகிறோம் என்றார்கள்.

அப்போதுதான் எனக்கு அந்த யோசனை வந்தது. ஊர் முழுக்க நானூறு பேர் ஏற்கெனவே பயந்து, பேஜரைக் கையில் பிடித்துக்கொண்டு நிற்கிறார்கள். அதில் ஒருத்தர்கூடவா அந்தத் தெருவுக்குப் பக்கத்தில் இருக்க மாட்டார்? "சார், விலாசத்தோட எல்லாருக்கும் அனுப்பிடலாமா?" என்று கேட்டேன்.

எங்களுக்கு வேலையில் சேர்ந்த முதல் நாள் சொல்லித்தருகிற முதல் விதியே அதுதான்: வாடிக்கையாளர் விலாசத்தை வெளியாள் யாருக்கும் கொடுக்கக்கூடாது. கொடுத்தால் அன்றைக்கே சீட்டு கிழியும். அதுவும் தனியாகப் பெண்ணும் குழந்தையும் இருக்கிற வீடு. யார் யாரோ போய் நிற்பார்கள். இதெல்லாம் அவர் முகத்தில் ஓடியது எனக்குத் தெரிந்தது.

"எய்ந்திரு" என்றார். என்னை வேலையைவிட்டே எழுந்திருக்கச் சொல்கிறார் என்று நினைத்து எழுந்துவிட்டேன். அவர் என் நாற்காலியில் உட்கார்ந்தார். என் பெயரில் இருந்த திரையை மூடினார். தன் பெயரைப் போட்டு, தன் பாஸ்வேர்டை அடித்தார். "இப்போ சொல்லு. ஒண்ணும் வுடாத. பெர்ஸ்ஸாவே சொல்லு" என்றார்.

நான் சொல்லச் சொல்ல அவர் அடித்தார். இரண்டு வயதுக் குழந்தை வீட்டுக்குள் தனியாக மாட்டிக்கொண்டிருக்கிறது, அடுப்பு எரிகிறது, பின்கதவு பெரிய பூட்டு. வீட்டு எண், தெரு, சித்திரக்குளம் பக்கம். அருகில் யாராவது பூட்டை உடைக்கக் கருவி வைத்திருந்தால் அங்கே ஓடவும். மற்றவர்கள் முந்தைய செய்தியை விட்டுவிடவும், உங்கள் வீட்டில் எல்லாரும் நலம். அந்தக் கம்பெனியில் அதுவரை அவ்வளவு நீளமான செய்தி போனதில்லை. ஸ்கோரை நிறுத்தினோம். அலைவரிசையில் வரிசையாக நின்ற மற்றதையெல்லாம் பின்னால் தள்ளினோம். அனுப்பினோம்.

லைன்கள் திடீரென்று அமைதியாகிவிட்டன. கூப்பிட்டுத் திட்டிக்கொண்டிருந்தவர்கள் எல்லாம் போனை வைத்துவிட்டுப் பேஜரைப் படித்துக்கொண்டிருந்தார்கள் போலிருக்கிறது. அந்த அமைதி எனக்குச் சுத்தமாகப் பிடிக்கவில்லை. மேற்பார்வையாளர் ஆறிப்போன டீயைக் குடித்தார். நான் வேண்டாத தெய்வம் இல்லை.

பதினைந்து நிமிடம் கழித்து ஒரு போன் வந்தது.

"அலோ, பேஜர் கம்பெனியா? நான் காதர் பேசுறேம்மா. சோபா தைக்கிற கடை, மயிலாப்பூரு. உங்க மெசேஜ் வந்துச்சு. நம்ம கடையிலிருந்து ரெண்டு தெருதான். உளியும் சுத்தியும் எடுத்துக்கினு சைக்கிள்லயே வந்துட்டேன்."

"குழந்தை, பாய்?" என்றேன்.

"அதுவா? சமையக்கட்டுல உக்காந்துக்கினு கீது, ஜாலியா. ரவா டப்பாவ எறக்கி, தரை பூரா கோலம் போட்டு வச்சிருக்கு. பால்தான் கரியாப் போச்சு. அடுப்பு மேல கைப்பிடித் துணி ஒண்ணு தொங்கினு இருந்துச்சு, அதுக்கு நுனியில தீ பட்டிருந்துச்சும்மா. நான் பூட்ட ஒடைக்கல, பூட்டு கெட்டி. கொண்டிய நெம்பி எடுத்துட்டேன். துணிய எடுத்துத் தொட்டியில போட்டாச்சு, கேஸையும் மூடியாச்சு. புள்ள அம்மா கையில கீது. அவங்கதான் அழுவறாங்க, புள்ள சிரிக்குது."

நான் ஹெட்போனைக் கழற்றி மேசைமேல் வைத்துவிட்டு அழுதேன். பக்கத்து சீட்டுப் பெண்ணும் அழுதாள். மேற்பார்வையாளர் மட்டும் அழவில்லை, அந்தப் போனை எடுத்து, "பாய், இன்னா செலவானாலும் அந்தக் கதவ சரிபண்ணிக் குடுத்துடுங்க, நான் பாத்துக்கறேன்" என்றார். காதர் பாய், "கதவுக்கு இன்னா சார் செலவு, ரெண்டு ஆணிதான். ஆனா இங்க ஒரே கூட்டமாக் கீது, அத இன்னா பண்றது?" என்று கேட்டார்.

கூட்டம் எப்படி என்றால், நாங்கள் செய்தி அனுப்பிய அரை மணிக்குள் அந்தத் தெருவில் இருபது முப்பது ஸ்கூட்டர். ஒரு இன்சூரன்ஸ் ஏஜென்ட் கடப்பாரையோடு வந்திருந்தாராம். ஆழ்வார்பேட்டையிலிருந்து ஒரு டாக்டர் பையோடு வந்து குழந்தையின் நெஞ்சில் ஸ்டெதஸ்கோப் வைத்துப் பார்த்தாராம். இன்னொருவர் எந்தக் கருவியும் கிடைக்காமல் ஆபீஸ் கேன்டீனிலிருந்து தேங்காய் துருவியைத் தூக்கிக்கொண்டு வந்திருந்தார். தீயணைப்பு வண்டி தெருமுனையில் இந்த ஸ்கூட்டர்களுக்கு நடுவில் மாட்டிக்கொண்டு, ஹாரன் அடித்துக்கொண்டிருந்ததாம்.

இங்கே எங்களுக்கு மறுபடியும் பத்து லைனும் அலற ஆரம்பித்தன. ஸ்கோரை நிறுத்திவிட்டோம், திட்டத்தான் கூப்பிடுகிறார்கள் என்று மனதைக் கல்லாக்கிக்கொண்டு எடுத்தேன். அந்த வங்கி அதிகாரி. "கொழந்தைக்கு என்னம்மா ஆச்சு?" என்றார். அடுத்தவரும் அதேதான். கல்யாணமாகாத பையனும் அதேதான். எந்த வீட்டுக்கு என்று கேட்ட மனிதர்கூடக் கூப்பிட்டு அதைத்தான் கேட்டார். ஒருவர்கூட ஸ்கோர் கேட்கவில்லை. பாதிக் கதையைச் சொல்லிவிட்டு நிறுத்திவிட்டோமே என்று மேற்பார்வையாளர் தலையில் அடித்துக்கொண்டு, குழந்தை பத்திரம் என்று எல்லோருக்கும் அனுப்பினார். அதற்கப்புறம்தான் ஊர் மேட்ச் பார்க்கப் போனது.

எங்கள் மேலாளர் மாலையில்தான் ஆபீசுக்குத் திரும்பி வந்தார். அவர் பேஜரும் ஸ்கோர் லிஸ்டில் இருந்தது என்பது எங்களுக்கு அப்போதுதான் தெரிந்தது. முதல் செய்தியைப் பார்த்துவிட்டு ஒரு கூட்டத்தின் நடுவிலிருந்து எழுந்து, ஆதம்பாக்கம் வரைக்கும் ஆட்டோவில் பறந்திருக்கிறார். அவர் மனைவி கதவைத் திறந்து, "இன்னிக்கு என்ன அதிசயம், பகல்லயே வந்துட்டீங்க?" என்றாராம். அவர் அதைச் சொன்னபோது எங்கள் ஒருவருக்கும் சிரிப்பை அடக்க முடியவில்லை, அவருக்கும்தான். இருந்தாலும் விதி விதிதானே. தனியார் செய்தியைப் பொது எண்ணுக்கு அனுப்பியது ஏன் என்று நாளைக் காலைக்குள் எழுத்துமூலம் விளக்கம் வேண்டும், அதைப் பார்த்துத்தான் வேலையில் வைப்பதா வேண்டாமா என்று முடிவு செய்வோம் என்று எனக்கு ஒரு மெமோ கொடுத்தார்கள்.

மறுநாள் காலை நான் அந்த விளக்கத்தைத்தான் எழுதிக்கொண்டிருந்தேன். இரண்டு திரை, ஒரே ஆள், அவசரம், மன்னிக்கவும். நன்றாகவே வந்திருந்தது. எழுதி முடிக்கிற நேரத்தில் ரகுராமன் கூப்பிட்டார். குழந்தையின் அப்பா.

ரொம்ப நேரம் நன்றி சொன்னார். நான் கூச்சப்பட்டு நெளிந்தேன். அப்புறம் கொஞ்சம் தயங்கி, "ஒண்ணு சொல்றேன், தப்பா எடுத்துக்காதீங்கோ" என்றார்.

"சொல்லுங்க சார்."

"நேத்திக்கு நான் அடையார்ல ஒரு டாக்டர் ரூம் வாசல்ல காத்துண்டிருந்தேன். உங்க மொதல் மெசேஜ் வந்ததும் எங்கப்பாவுக்குத்தான் ஏதோ ஆயிடுத்துன்னு நெனச்சுண்டு, பையை அப்டியே அங்க போட்டுட்டு ஸ்கூட்டரை எடுத்துட்டேன். வழில மறுபடியும் பேஜர் அடிச்சது. அதான் போயிண்டிருக்கோமேன்னு நான் எடுத்துப் பாக்கலை. இருபத்தஞ்சு நிமிஷத்துல ஆத்துக்கு வந்துட்டேன், அவ்ளோ வேகம். வந்து நின்னா கையில சாவி இல்லை. அது பைல இருக்கு. பை அடையார்ல இருக்கு."

நான் பேனாவை மூடி வைத்தேன்.

"அந்த பாய் மட்டும் வரலைன்னா, நானும் அவளோட சேர்ந்து கல்லால இடிச்சுண்டுதான் நின்னிருப்பேன். திரும்பப் போய் எடுத்துண்டு வர்றதுக்குள்ள..." என்றவர் அதை முடிக்கவில்லை. "மெசேஜ்ல சாவின்னு ஒரு வார்த்தை இருந்திருந்தா பையைத் தூக்கிண்டு வந்திருப்பேன். உங்களைக் குத்தம் சொல்லலை. சின்ன பிளான்தானே நான் எடுத்திருக்கேன், எடம் இருந்திருக்காது" என்று அவரே எனக்குச் சமாதானம் சொல்லிவிட்டு வைத்துவிட்டார்.

நான் முந்தைய நாள் பதிவைத் திறந்தேன். நான் அனுப்பிய செய்தி அங்கே இருந்தது, பக்கத்தில் அதன் அளவும் இருந்தது. இடைவெளி, புள்ளி எல்லாம் சேர்த்து இருபத்து மூன்று. அவருக்கு நாற்பது வரை உண்டு. அந்த அம்மா அத்தனை பதற்றத்திலும் சாவி அவரிடம் இருக்கிறது என்று எனக்குத் தெளிவாகச் சொல்லியிருந்தார். நான் கேட்டுவிட்டு, கத்தரித்துவிட்டேன். நான் சரியாக அவர் ஒருவர் எண்ணுக்கே அனுப்பியிருந்தால், அந்தச் செய்தியில் யாரும் ஒரு குற்றமும் கண்டுபிடித்திருக்க மாட்டார்கள். ஐந்து சொல்லில் முடித்தாள் பார் என்று பாராட்டியிருப்பார்கள். காதர் பாய் அந்தத் தெருவுக்கு வந்திருக்க மாட்டார். எந்தத் தப்புக்காக எனக்கு மெமோ கொடுத்தார்களோ, அந்தத் தப்பு நடந்ததால்தான் அந்தக் குழந்தை தப்பித்தது.

விளக்கக் கடிதத்தின் அடியில் இன்னொரு பத்தி எழுதினேன். கொண்டுபோய் மேற்பார்வையாளரிடம் கொடுத்தேன். அவர் கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கி, மெதுவாக, கடைசி வரைக்கும் படித்தார்.

"இத்த யாரும் கேக்கலியேமா" என்றார்.

"தெரியும் சார்."

"எய்துனா வேலைக்குத்தான் ஒல."

"அதுவும் தெரியும் சார்."

அவர் காகிதத்தை என் பக்கம் நகர்த்தினார். "அப்போ மேல எய்து. கீய போட்டா படிக்க மாட்டானுங்கோ."

நான் திரும்பி வந்து உட்கார்ந்து, வேறு வெள்ளைத்தாள் எடுத்தேன். முதல் வரியாக, சாவி என்று எழுத இடம் இருந்தது, நான் எழுதவில்லை என்று எழுதினேன்.